பழுது எங்கே இருக்கிறது?

எங்கள் வீட்டுக் குசினியில் நிற்கும் குளிர்சாதனப் பெட்டிக்கு என்னைவிட வயது அதிகம். வாப்பா 1960களின் தொடக்கத்தில் வாங்கியது. உருண்ட மூலைகளும், இழுத்தால் ‘டக்’கென்று திறக்கும் கனத்த பிடியும் கொண்டது. அன்று எங்கள் ஒழுங்கையில் வேறு எவரிடமும் பிரிஜ் இருக்கவில்லை. நோன்பு மாதத்தில் அஸர் முடிந்ததும் அயல் பிள்ளைகள் கோப்பைகளோடு ஐஸ் கேட்டு வந்து நிற்பார்களாம். உம்மா இன்றும் அதைச் சொல்லி மகிழ்வார்.

இந்தப் பெட்டியை வீட்டுக்குள் பயமின்றி வைக்கக்கூடிய நிலை எளிதில் வந்துவிடவில்லை. அமெரிக்காவில் 1927இல் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பனி விற்பனைக்கு விட்ட ‘மொனிட்டர் டொப்’ பெட்டியின் மோட்டார், தலையில் வைத்த தொப்பிபோல மேலே உட்கார்ந்திருக்கும். அதற்குள் இருந்த கந்தகவீரொட்சைட்டு வாயு கசிந்தால் மூச்சு முட்டும். பெர்லினில் ஒரு குடும்பமே இப்படியான வாயுக் கசிவினால் இறந்த செய்தியைப் படித்து, விஞ்ஞானி ஐன்ஸ்டைன் தன் நண்பர் சிலார்டுடன் சேர்ந்து கசியாத பெட்டியொன்றை வடிவமைக்க முயன்றார் என்பது பலர் அறியாத செய்தி.

மின்சாரம் எட்டாத இடங்களில் மண்ணெண்ணெய் பிரிஜ் இருந்தது. கீழே விளக்கு எரிய, மேலே பெட்டி குளிரும்! சுவீடனைச் சேர்ந்த இரு மாணவர்கள் 1922இல் கண்டுபிடித்த முறை அது. சுடர் அம்மோனியாவைக் கொதிக்கவைத்து ஆவியாக்கும். அது சுற்றி வரும் வழியில் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். அது குளிராவிட்டால், விபரம் தெரிந்தவர்கள் முதலில் திரி புகைகிறதா, பெட்டி சரிந்து நிற்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். பெரும்பாலும் காரணம் அவ்வளவில் முடிந்துவிடும்.

எங்கள் பெட்டியின் கதைக்கு வருகிறேன். 2022ஆம் ஆண்டு நெருக்கடியை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு. ஏப்ரல் தொடக்கத்தில் நோன்பும் வந்தது. அந்த நாட்களில் ஒருநாள் கரண்ட் வந்தும் பெட்டி குளிரவில்லை. சில விநாடிகள் ‘உம்ம்’ என்று முனகும். பிறகு ‘கிளிக்’ என்ற ஓசையோடு அடங்கிவிடும். ஐந்து நிமிடம் கழித்து மீண்டும் அதே முனகல், அதே அடக்கம்.

உம்மாவுக்குச் சீனி வருத்தம். திறக்காத இன்சுலின் குப்பிகளை 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிரில் வைக்க வேண்டும். உறைந்துவிட்டாலும் அது பயன்படாது. மருந்து கிடைப்பதே அரிதான காலத்தில் கையிலிருந்த குப்பிகளை இழக்க முடியாது. அவற்றைப் பக்கத்து வீட்டு டீச்சரிடம் ஒப்படைத்தோம். ரூபாயின் மதிப்பு வீழ்ந்திருந்த அந்த மாதங்களில் புதுப் பிரிஜின் விலை எங்கள் கைக்கு எட்டுவதாக இல்லை.

முதலில் வந்தவர் சத்தத்தைக் கேட்டதுமே, “கொம்பிரஸர் போய்விட்டது. புதிதாகப் போட வேண்டும்” என்றார். இரண்டாமவர், “காஸ் முடிந்துவிட்டது. குழாயை வெட்டி நிரப்ப வேண்டும்” என்றார். இருவருக்கும் ஐந்து நிமிடம் போதுமானதாக இருந்தது. இருவரும் மீற்றரை வெளியே எடுக்கவில்லை.

மூன்றாவதாக வந்தவர் எழுபதைத் தாண்டிய ஒரு பாஸ். ஆயுதப் பையைத் திறக்காமல் உம்மாவின் அருகே உட்கார்ந்து கேள்வி கேட்கத் தொடங்கினார். “எப்போதிருந்து, தாத்தா? கரண்ட் வந்தவுடனா, பிறகா? ஏதாவது கருகிய மணம் வந்ததா? பெட்டியை இடம் மாற்றினீர்களா? அதற்கு முதல் நாள் ஐஸ் நன்றாகப் பிடித்ததா?” நல்ல வைத்தியர் நாடியைத் தொடுமுன் கேட்பது போல இருந்தது.

பிறகு விளக்கினார். காஸ் குறைந்திருந்தால் மோட்டார் ஓயாமல் ஓடும். ஐஸ் அறையில் ஒரு மூலையில் மட்டும் உறைபனி பிடிக்கும். இங்கே மோட்டார் ஓடவே தொடங்கவில்லை. ஆகவே காஸைப் பற்றிப் பேச இப்போது இடமில்லை.

அடுத்து, சுவரிலிருந்த பிளக் பொயின்றைப் புறங்கையால் தொட்டார். சூடாக இருந்தது. மீற்றரை வைத்துப் பார்த்தார். சும்மா இருக்கும்போது 230 வோல்ற். பெட்டி முனகும் நேரத்தில் 170க்கும் கீழே விழுந்தது. மறு அறைப் பொயின்றில் அப்படி விழவில்லை. கரண்டை நிறுத்திவிட்டுக் கழற்றிப் பார்த்தபோது உள்ளே பித்தளைத் தகடு தளர்ந்து கருகிப்போயிருந்தது.

அத்துடன் வேலை முடிந்தது என்று அவர் எழுந்துவிடவில்லை. மறு அறைப் பொயின்றில் பெட்டியை மாட்டினார். அப்போதும் அதே ‘கிளிக்’. “இன்னொன்றும் இருக்கிறது” என்றார். மோட்டாரைத் தொடக்கிவிடும் றிலேயைக் கழற்றினார். அதன் முனைகளும் கருகியிருந்தன. பின்னர் கொம்பிரஸரின் மூன்று முனைகளை இரண்டிரண்டாக அளந்தார். இரண்டு சிறிய அளவுகளைக் கூட்டினால் மூன்றாவது அளவு வர வேண்டும், வந்தது. பெட்டியின் உடம்புக்கு மின் கசிகிறதா என்றும் பார்த்தார்; இல்லை. “செத்ததென்று சொன்ன கொம்பிரஸர் உயிரோடு இருக்கிறது” என்று சிரித்தார்.

மறுநாள் பொருத்தமான றிலே ஒன்றைத் தேடிக் கொண்டுவந்து போட்டார். பொயின்றையும் மாற்றினார். பெட்டி ஓடத் தொடங்கியது, அல்ஹம்துலில்லாஹ். செலவு, புதிய கொம்பிரஸருக்குக் கேட்ட தொகையில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. அன்று மாலையே வெப்பமானியை உள்ளே வைத்துப் பார்த்துவிட்டு உம்மாவின் மருந்தைத் திரும்ப எடுத்து வந்தோம்.

அவர் சொன்ன ஒன்று என் மனதில் பதிந்துவிட்டது. “றிலேயை மட்டும் மாற்றியிருந்தால் இரண்டு மாதத்தில் அதுவும் கருகியிருக்கும், மகள். கெட்டுப்போனது றிலே, கெடுத்தது பொயின்ற்.” கெட்ட பொருள் வேறு, கெடுத்த காரணம் வேறு. இரண்டையும் காணாதவரை பழுது பார்த்ததாகாது.

குழாயை வெட்டியிருந்தால் நிலைமை இன்னும் மோசம். இத்தகைய பழைய பெட்டிகளில் இருப்பது ஆர்-12 என்ற காஸ். அது ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் 1987ஆம் ஆண்டு மொன்றியல் உடன்படிக்கையின்படி படிப்படியாக நிறுத்தப்பட்டு, 2010உடன் வளர்முக நாடுகளிலும் முடிவுக்கு வந்தது. பிறகு வந்த ஆர்-134ஏ, பழைய கொம்பிரஸரிலுள்ள எண்ணெயோடு சேராது. அறுபது வருடம் மூடியபடி நன்றாக இருந்ததைத் திறந்துவிட்டால், பழையபடி ஆக்குவது இலேசல்ல. திருப்ப முடியாத காரியத்தைக் கடைசியில்தான் செய்ய வேண்டும்.

சகோதரிகளுக்கும் சில குறிப்புகள். பழுதுபார்ப்பவரை அழைக்குமுன் பிளக் சூடாகிறதா எனப் பாருங்கள். கதவிடுக்கில் ஒரு கடதாசியை வைத்து மூடி இழுங்கள். இலேசாக வந்தால் றப்பர் தளர்ந்துள்ளது. பிளக்கைக் கழற்றிவிட்டுப் பின்புறக் கம்பிகளின் தூசியைத் துடையுங்கள். கரண்ட் வந்ததும் ஐந்து நிமிடம் பொறுத்துப் போடுங்கள். உள்ளே அழுத்தம் சமமானால்தான் மோட்டார் சிரமமின்றித் தொடங்கும். ஐஸைக் கத்தியால் ஒருபோதும் குத்தாதீர்கள். குழாய் துளைபட்டால் அது உண்மையிலேயே காஸ் போகும் வழி. பிடி போட்ட பழைய பெட்டியைக் கழிப்பதானால் கதவைக் கழற்றிவிடுங்கள். உள்ளே அகப்பட்ட பிள்ளையால் அதைத் திறக்க முடியாது. இப்படிப் பிள்ளைகள் இறந்ததனால்தான் 1956இல் அமெரிக்காவில் இதற்கென்றே சட்டம் வந்தது. எல்லாப் பழைய பெட்டியும் காப்பாற்றத் தக்கதுமல்ல. வயரின் றப்பர் உதிர்ந்து, தொட்டால் ‘ஷொக்’ அடிக்கும் பெட்டியைத் தகுந்தவரிடம் காட்டும்வரை போடவே கூடாது.

ஒரு செய்தி வந்தால் தீர விசாரிக்கும்படி அல்ஹுஜுராத் அத்தியாயத்தில் அல்லாஹ் பணிக்கிறான். வீண் சந்தேகத்தைத் தவிர்க்கும்படியும் அதே அத்தியாயத்தில் சொல்கிறான். ஒரு மருமகள் முகம் வாடியிருந்தால் “பெருமை பிடித்தவள்” என்கிறோம். பிள்ளை புள்ளி குறைந்து வந்தால் “சோம்பேறி” என்கிறோம். அவளுக்கு உடம்பு முடியவில்லையா, அவனுக்குக் கரும்பலகை தெரியவில்லையா என்று கேட்பதில்லை. ஐந்து நிமிடத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டு, நன்றாக இருந்த உறவையும் வெட்டிவிடுகிறோம்.

இரும்புப் பெட்டிக்கே அத்தனை கேள்வி கேட்டு, தொட்டுப் பார்த்து, அளந்து பார்த்தார் அந்த முதியவர். நம்மோடு வாழும் மனிதர்களுக்கு அதைவிடக் கூடுதலான பொறுமை நம்மிடமிருந்து கிடைக்க வேண்டாமா? வல்ல அல்லாஹ் அந்தப் பொறுமையை நம் எல்லோருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.