ஒரே டிவி, இரண்டு ஜாய்ஸ்டிக்

கேம் பிரியர்கள் நாலு பேர் கூடினால் இந்தப் பேச்சு எப்படியும் வந்துவிடும்: தனியாக விளையாடுவது சுகமா, ஆன்லைனில் கூட்டத்தோடு விளையாடுவது சுகமா? எனக்கு இரண்டும் பிடிக்கும். ஆனால் மனசு ஏங்குவது மூன்றாவது ஒன்றுக்கு. ஒரே டிவிக்கு முன்னால், தோளோடு தோள் இடிக்க, இருவர் உட்கார்ந்து ஆடினோமே, அதற்கு.

1990-களில் நம் வீடுகளுக்கு வந்த 'டிவி கேம்', 1983-ல் நின்டெண்டோ ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாமின் நகல் என்பதெல்லாம் அப்போது யாருக்குத் தெரியும்? எங்களுக்குத் தெரிந்தது கேசட், அதற்குள் இருந்த கான்ட்ரா. கோனாமி நிறுவனம் 1987-ல் ஆர்கேடுக்கும், மறு வருடம் வீட்டுக் கருவிக்கும் கொண்டுவந்த ஆட்டம். நீல பேன்ட் வீரன் அக்காவுக்கு, சிவப்பு எனக்கு.

மூன்றாவது ஸ்டேஜ் அருவி. பாறைக்குப் பாறை தாவி மேலே ஏற வேண்டும். இருவருக்கும் ஒரே திரை என்பதால், முன்னே ஏறுகிறவரோடு படமும் மேலே நகரும். பின்தங்கியவர் திரையின் அடி விளிம்பில் மறைந்தால் உயிர் போச்சு. எதிரி சுட வேண்டியதே இல்லை, கூட வருபவரின் அவசரம் போதும். அதனால் அக்கா நிற்பாள். மேலிருந்து கல் உருண்டு வந்தாலும் அதே பாறையில் நின்றபடி, "இப்ப குதிடா, இப்ப!" என்பாள். நான் வந்து சேர்ந்த பிறகுதான் அடுத்த தாவல்.

என் உயிரெல்லாம் தீர்ந்துவிட்டால் அவளுடைய மிச்சத்திலிருந்து எடுத்துக்கொள்ளவும் அந்த ஆட்டத்தில் வழி இருந்தது. "அக்கா, ஒண்ணே ஒண்ணு?" "எடுத்துக்கோ. ஆனா அடுத்து வர்ற 'எஸ்' துப்பாக்கி எனக்கு." பேரம் அதோடு முடிந்தது.

எங்கள் வீட்டில் தனி ஆட்டம்கூடத் தனிமையாக இருந்ததில்லை. மாரியோவில் ஒருவர் செத்தால்தான் அடுத்தவர் முறை. காத்திருப்பவர் சும்மா இருப்பாரா? காளான் இருக்கும் இடத்தை, குழாய்க்குள் இறங்கும் வழியைப் பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே இருப்பார். கை ஒருவருடையது, கண் எல்லோருடையதும்.

இணையம் வந்ததும் ஆளுக்கொரு திரை ஆயிற்று. பப்ஜியில் ஒரே களத்தில் நூறு பேர் இறங்கலாம். ஓசூரில் இருக்கும் அக்காவும் மதுரையில் இருக்கும் நானும் ராத்திரி ஹெட்செட்டில் பேசிக்கொண்டே ஆட முடிகிறது. அது சின்ன வரம் இல்லை. ஆனால் அங்கே யாரும் யாருக்காகவும் நின்றாக வேண்டிய கட்டாயம் இல்லை. நான் பின்தங்கினால் அவளுடைய மேப்பில் ஒரு புள்ளியாகத் தேங்குவேன், அவ்வளவுதான். அவள் திரை அவளோடு ஓடும்.

ஒரே டிவியின் திரையை இரண்டாகப் பிரித்து, ஒரே கருவி இருவருடைய பார்வையையும் வரைவதென்றால் அதற்குச் சுமை அதிகம். 2001 முதல் நண்பர்களைப் பக்கத்தில் உட்காரவைத்தே பேர் வாங்கிய ஹேலோ வரிசை, 2015-ல் ஐந்தாம் ஆட்டத்தில் அப்படிப்பட்ட பிளவுத்திரையைக் கைவிட்டபோது ரசிகர்கள் கொதித்தார்கள். ஆனால் 2021-ல் வந்த 'இட் டேக்ஸ் டூ'வைத் தனி ஆளாக ஆட வழியே கிடையாது. ஊர் விட்டு ஊர் ஆடினாலும் திரை இரண்டாகப் பிரிந்தே இருக்கும். கூட்டாளி என்ன செய்கிறார் என்பது எப்போதும் கண்ணில் படும். அந்த ஆண்டின் கேம் அவார்ட்ஸ் விழாவில் சிறந்த ஆட்டமும் அதுதான். இந்த ஏக்கம் எனக்கு மட்டும் இல்லை என்று அன்று தெரிந்தது.

எத்தனை பேர் சேர்ந்து ஆடுகிறோம் என்ற எண்ணிக்கை எனக்குப் பெரிதில்லை. பின்னால் வருகிறவனுக்காக முன்னால் போகிறவர் நின்றுதான் ஆக வேண்டும் என்று ஓர் ஆட்டமே விதி வைத்திருந்தது. அந்த விதிக்குள் வளர்ந்தது என் பாக்கியம். இன்றைய பிள்ளைகளுக்கும் அது கிடைக்க வேண்டும்.