இரண்டு பர்சென்ட் யாருக்கு?

"கார்டா? அப்படியானால் இரண்டு பர்சென்ட் கூட ஆகும், அம்மா. பாங்கு சார்ஜ்!"

இந்த வார்த்தையைக் கேட்காத குடும்பத் தலைவிகள் நம்மிடையே மிகவும் குறைவாகத்தான் இருப்பார்கள். நகைக் கடையிலே, பாத்திரக் கடையிலே, மிக்ஸியும் கிரைண்டரும் விற்கிற கடையிலே இதைச் சொல்லும்போது கடைக்காரரின் முகத்தைக் கவனித்திருக்கிறீர்களோ? 'நானா கேட்கிறேன்? பாழும் பாங்கு அல்லவா கேட்கிறது!' என்று நமக்காக அவரும் வருத்தப்படுவார். நாமும் பாங்கை மனத்துக்குள் நாலு வார்த்தை வைதுவிட்டுக் கார்டை நீட்டிவிடுவோம். கத்தரிக்காய் விற்கும் அம்மாளிடம் ஐந்து ரூபாய்க்கு அரை மணி நேரம் வாதாடுகிற நமக்கு, 'பாங்கு' என்ற சொல்லைக் கேட்டதும் நா எழுவதில்லை.

சகோதரிகளே, அந்த இரண்டு பர்சென்ட் பாங்குக்குப் போவதில்லை என்று நான் சொன்னால் நம்புவீர்களா?

எங்கள் தெருவில் ஒரு பெண் தையல் தைத்துப் பிழைக்கிறாள். புடவைக்கு ஃபால்ஸ் தைத்தால் எண்பது ரூபாய் கூலி. காலால் மிதித்து மிதித்து முழங்கால் வலி வந்துவிடவே, மோட்டார் வைத்த மிஷின் வாங்க வேண்டுமென்று இரண்டு வருஷமாகப் பணம் சேர்த்தாள். ஜன் தன் திட்டத்தில் அவளுக்கு ஒரு பாங்குக் கணக்கு உண்டு. அதோடு கொடுத்த ரூபே கார்டும் உண்டு. "அக்கா, கடைக்கு நீங்களும் கூட வாங்களேன்" என்று சில மாதங்களுக்கு முன்பு கூப்பிட்டாள். போனேன்.

மிஷின் விலை 24,000 ரூபாய். அவள் கணக்கில் இருந்தது 24,310. கார்டை எடுத்தவுடன், "இரண்டு பர்சென்ட் சேர்த்து 24,480 ஆகிறது" என்றார் கல்லாவில் இருந்தவர்.

அந்தப் பெண்ணின் முகம் வாடியதைப் பார்க்க வேண்டுமே! 480 ரூபாய் என்றால் ஆறு புடவைக்குக் கூலி. அதைவிட, கணக்கில் 170 ரூபாய் குறைகிறதே! "அடுத்த மாசம் வந்து வாங்கிக்கலாம், அக்கா" என்று கார்டை மறுபடி பையில் போட்டுக்கொண்டாள்.

நான் கல்லாக்காரரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். "அந்த 480 ரூபாயைப் பில்லிலே 'கார்டுக் கட்டணம்' என்று தனியாக எழுதிக் கொடுப்பீர்களா?"

அவர் என்னைப் பார்த்தார், கார்டைப் பார்த்தார். பிறகு உள்ளே போய் முதலாளியோடு ஏதோ பேசிவிட்டு வந்தார். "பரவாயில்லை, அம்மா. 24,000-மே போடுங்கள்" என்றார். மிஷின் அன்று மாலையே வீடு வந்து சேர்ந்தது.

பில்லில் எழுத ஏன் தயங்கினார் என்பதற்கு, அந்தக் கார்டு கடையில் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

டெபிட் கார்டு என்பது கடன் அல்ல. நம் கணக்கில் இருக்கும் நம்முடைய சொந்தப் பணம். கார்டைச் செருகி ரகசிய எண்ணை அழுத்தியதும், 24,000 ரூபாய் நம் பாங்கிலிருந்து கடைக்காரருடைய பாங்குக்குப் போகிறது. கடைக்காரருடைய பாங்கு, இந்தச் சேவைக்காகக் கொஞ்சம் பிடித்துக்கொண்டு மீதியை அவர் கணக்கில் வரவு வைக்கிறது. பிடித்ததில் ஒரு பங்கு, கார்டைக் கொடுத்த நம் பாங்குக்கும், ரூபே, விசா, மாஸ்டர்கார்டு போன்ற அமைப்புக்கும் போய்ச் சேரும். இதற்கு எம்.டி.ஆர். என்று பெயர். இது வியாபாரி தம் பாங்குக்குக் கொடுக்கிற கூலி. கடை வாடகை, விளக்குச் செலவு மாதிரி இதுவும் ஒரு வியாபாரச் செலவு. நாம் வாங்கும் சாமானின் விலையில் வாடகையைத் தனியாகக் கூட்டிக் கேட்கிறார்களா என்ன?

இந்தக் கூலிக்கும் அளவு உண்டு. 2012-ஆம் ஆண்டில் ரிசர்வ் பாங்கு டெபிட் கார்டுக்கு ஓர் உச்சவரம்பு கட்டியது: 2,000 ரூபாய் வரை முக்கால் பர்சென்ட், அதற்கு மேல் ஒரு பர்சென்ட். 2018 ஜனவரி முதல் கணக்கை மாற்றினார்கள். வருஷத்துக்கு 20 லட்சம் வரை வியாபாரம் செய்கிற சிறு கடைக்கு 0.40 பர்சென்ட், ஒரு பில்லுக்கு 200 ரூபாய்க்கு மேல் போகாது. பெரிய கடைக்கு 0.90 பர்சென்ட், 1,000 ரூபாய்க்கு மேல் போகாது. டெபிட் கார்டுக்கு இரண்டு பர்சென்ட் என்ற கணக்கு இதில் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்!

24,000 ரூபாய்க்குப் பெரிய கடையிலே 0.90 பர்சென்ட் போட்டால் 216 ரூபாய். வரி சேர்த்தாலும் 255-ஐத் தாண்டாது. நம்மிடம் வாங்குவதோ 480! ரூபே டெபிட் கார்டாக இருந்தால் சங்கதி இன்னும் வேடிக்கை. 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து ரூபே டெபிட் கார்டுக்கும், போனில் யு.பி.ஐ. மூலம் கணக்கிலிருந்து செலுத்துவதற்கும் வியாபாரியிடம் இந்தக் கட்டணமே வாங்கக்கூடாது என்று சர்க்கார் சட்டம் செய்துவிட்டது. தையல்காரப் பெண்ணிடம் கேட்ட 480 ரூபாயில் பாங்குக்குப் போக வேண்டியது ஒரு காசு கூட இல்லை!

கடைக்காரர் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். கிரெடிட் கார்டு வேறு ஜாதி. அது கடன் பணம். அங்கே வெட்டு அதிகம். சொற்ப லாபத்துக்கு விற்கிற சின்னக் கடைக்காரருக்கு அது சுமைதான். ஆனால் கிரெடிட் கார்டுக்காரர்களால் வரும் நஷ்டத்தை, தன் சேமிப்பைக் கொண்டு வருகிறவளிடம் வசூலிப்பது எந்த ஊர் தர்மம்?

டெபிட் கார்டுக்கென்று வாடிக்கையாளரிடம் வியாபாரி தனியாகக் கட்டணம் வாங்குவது நியாயமல்ல, அனுமதிக்கப்பட்டதும் அல்ல என்று 2013 செப்டம்பரிலேயே ரிசர்வ் பாங்கு தெரிவித்துவிட்டது. அப்படி வாங்குகிற கடையோடு பாங்கு தன் உறவை முறித்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னது. பில்லில் எழுதுவதற்குத் தயக்கம் எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறதல்லவா?

நம் பாங்கு நம்மிடம் நேராக வாங்குகிற கட்டணங்களும் உண்டு. பல கார்டுகளுக்கு வருஷச் சந்தா உண்டு. அதன் மேல் 18 பர்சென்ட் வரியும் உண்டு. வெளிநாட்டில் கார்டைப் பயன்படுத்தினாலும் தனிக் கட்டணம் பிடிப்பார்கள். இவையெல்லாம் நம் பாஸ் புத்தகத்தில் ஏறும். கடைக்காரர் கல்லாவில் ஏறாது.

இனி என்ன செய்யலாம்? சாமானைக் கட்டச் சொல்வதற்கு முன்பே, "டெபிட் கார்டு வாங்குவீர்கள் அல்லவா? போட்ட விலைதானே?" என்று கேட்டுவிடுங்கள். உங்கள் கார்டில் ரூபே என்று இருக்கிறதா என்று இன்றே எடுத்துப் பாருங்கள். கூடக் கேட்டால், கோபிக்காமல் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதிக் கொடுத்துவிட்டாலோ, இன்னும் நல்லது. அந்தப் பில்லையும் மிஷினிலிருந்து வரும் சீட்டையும் பத்திரப்படுத்தி, உங்கள் பாங்கில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். முப்பது நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் பாங்கின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அங்கே புகார் செய்யக் கட்டணம் கிடையாது.

'நமக்கென்ன, இருபதும் முப்பதும்தானே' என்று நாம் கொடுத்துவிட்டுப் போனால், அடுத்தாற்போல் வருகிறவளிடமும் கேட்பார்கள். அவள் கணக்கில் எவ்வளவு மிச்சம் இருக்கிறதோ, யார் கண்டது? அவளுக்காகவாவது ஒரு வார்த்தை கேட்டுவையுங்கள்.