ஸ்பாஞ்ச் கழுவுற இன்ஜினீயர்!

ஒரு சின்ன டெஸ்ட். ராத்திரி நேரத்துல ஏதாவது ஒரு பழைய கறுப்பு கார் பக்கத்துல போங்க. (ஓனர்கிட்ட சொல்லிட்டுத்தான் பாஸ், தர்ம அடி விழுந்தா நான் பொறுப்பில்ல!) செல்போன் டார்ச்சை பானெட் மேல அடிங்க. வெளிச்சத்தைச் சுத்தி சிலந்தி வலை மாதிரி வட்டம் வட்டமா கீறல் தெரியுதா? அதுக்கு ஸ்வர்ல் மார்க்னு பேரு. அதை மெஷின் பாலிஷ் போட்டு எடுக்கிற கடையிலதான் இந்த லீவுல நான் இன்டர்ன்.

கடை இருக்கிறது மேடவாக்கம். தாம்பரம் - வேளச்சேரி ரோட்டை ஒட்டின ஒரு தெரு. இந்தத் தொழிலுக்கு இதைவிட ராசியான ஏரியா கிடையாது. மெட்ரோ வேலை ஆரம்பிச்சதுலேர்ந்து இங்கே காலையில துடைச்ச கார், சாயங்காலம் விபூதி பூசின மாதிரி நிக்கும். அதை வறட்டுத் துணியால 'சரக் சரக்'னு துடைச்சா என்ன ஆகும்? துணிக்கு அடியில மாட்டுற புழுதியே உப்புத்தாள் ஆகிடும். அதுக்கு மேல போர் தண்ணி ஊத்திக் கழுவி வெயில்ல காய விட்டா, வெள்ளை வெள்ளையா உப்புக் கறை இலவச இணைப்பு!

மெக்கானிக்கல் மூணாவது வருஷம் படிக்கிற எனக்கு முதல் வாரம் கொடுத்த வேலை என்ன தெரியுமா? பாலிஷ் மெஷின்ல மாட்டுற ஃபோம் பேடைக் கழுவிக் காயவைக்கிறது. மெஷினைத் தொடவே விடல. விஷயம் கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்புக்குப் போய், 'ஸ்பாஞ்ச் கழுவுற இன்ஜினீயர்'னு பட்டமே கொடுத்துட்டாங்க நம்ம பசங்க. சிரிங்க, சிரிங்க... ஆனா மேட்டர் ஸ்பாஞ்ச்லதான் இருக்கு!

முதல்ல ஒரு கணக்கு. காரோட கலருக்கு மேல, கண்ணுக்குத் தெரியாம கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு இருக்கும். கிளியர் கோட். அதோட கனம் பொதுவா 35-லேர்ந்து 50 மைக்ரான்தான். நம்ம தலைமுடியே சுமாரா 70 மைக்ரான்! பாலிஷ் போடறதுன்னா கீறலை மூடுறது இல்ல. கீறலைச் சுத்தி இருக்கிற கிளியர் கோட்டைத் துளித்துளியா சீவி, மட்டப்படுத்துறது. சீவினது சீவினதுதான், முடி மாதிரி திரும்ப வளராது. ஒவ்வொரு பாலிஷும் சேமிப்புப் பணத்தை எடுத்துச் செலவு பண்ற மாதிரி. எவ்வளவு குறைச்சலா செலவு பண்றோம்கிறதை முடிவு பண்றதுல பாதி, பேடோட கையில இருக்கு.

கடையில பாலிஷ் போடற அண்ணன் காலேஜ் வாசலை மிதிச்சதில்ல. பதினாறு வயசுல டிங்கரிங் கடையில எடுபிடியா சேர்ந்தவர். அவர் பேடைத் தயார் பண்றதைப் பக்கத்துல நின்னு பார்க்கணும் நீங்க.

மெஷினோட தட்டுல பேட் வெல்க்ரோவால ஒட்டும். (நாயுருவி மாதிரி ஒட்டுற ஒரு முள்ளுக்காயைப் பார்த்து, ஜார்ஜ் டி மெஸ்ட்ரால்ங்கிற சுவிஸ் இன்ஜினீயர் கண்டுபிடிச்சு, 1955-ல பேட்டன்ட் வாங்கின சமாச்சாரம் இது.) அண்ணன் அதை நாலு பக்கமும் தடவிப் பார்த்து சரியா நடுவுல உட்கார வைப்பார். "கொஞ்சம் விலகினாலும் மெஷின் கையிலயே ஆடும் தம்பி"ம்பார். டைனமிக்ஸ் ஆஃப் மெஷினரில படிச்சோமே, அன்பேலன்ஸ்டு மாஸ், அதேதான். வேகம் ரெண்டு மடங்கானா, உதறல் விசை நாலு மடங்கு!

அடுத்தது பிரைமிங். புது பேட் வறண்டு கிடக்கும். அதுல நாலு சொட்டு பாலிஷ் விட்டு அப்படியே ஓட்டினா, சொட்டு இருக்கிற இடம் மட்டும் சீவும். மிச்ச இடம் வெறும் ஃபோமா உரசி சூடேத்தும். அதனால பேடோட முகம் முழுக்க, ஓரம் உட்பட, விரலால பாலிஷை மெல்லிசா தேய்ச்சு உள்ளே ஏத்துவார். தோசைக்கல்லுக்கு எண்ணெய் காட்டுற மாதிரி. அதுக்கு அப்புறம் ஒவ்வொரு ரெண்டடிக்கு ரெண்டடி கட்டத்துக்கும் பட்டாணி சைஸ்ல மூணு, நாலு சொட்டுதான். பேடை பானெட்ல வச்ச பிறகுதான் சுவிட்ச். இல்லேன்னா ஹோலிதான்!

ஒரு கட்டம் முடிஞ்சதும் நைலான் பிரஷ்ஷால பேடைச் சுத்தம் பண்ணுவார். "ஒவ்வொரு தடவையுமா அண்ணா?"ன்னு கேட்டேன்.

"சீவின பெயின்ட்டும் செத்த பாலிஷும் ஓட்டையை அடைச்சுக்கும்டா. அடைச்ச பேட் சீவாது, தேய்க்கும். தேய்ச்சா சூடு. சூடேறினா பெயின்ட் காலி."

எனக்கு 'பொளேர்'னு அறைஞ்ச மாதிரி இருந்துச்சு. கிரைண்டிங் வீல்ல துகள் அடைச்சுக்கிட்டா அது 'லோடிங்', அதைச் சீவி மறுபடி கூர்மையாக்கினா அது 'டிரெஸ்ஸிங்'. செமஸ்டர்ல ரெண்டு மார்க்குக்கு மனப்பாடம் பண்ணி எழுதின பதில், இங்கே பிரஷ்ஷோட உயிரோட நிக்குது!

ஃபோம் சூடாகி ஈரம் ஏறினா தொளதொளன்னு ஆகிடும். அதனால ஒரு காருக்கு நாலஞ்சு பேட் எடுத்து வைப்பார். ஒரு பாலிஷுக்குப் போட்ட பேடை இன்னொரு பாலிஷுக்குத் தொட மாட்டார். கீழே விழுந்த பேட், கழுவுற வரைக்கும் செத்த பேட். ஒரு மணல் போதும், பானெட்ல கோலம் போட.

இதெல்லாம் ஓவர் சுத்தம்னு தோணுதா? அப்போ இதைக் கேளுங்க.

போன மாசம் ஒரு பெரியவர் சிவப்பு கார் கொண்டுவந்தார். ரிட்டயர் ஆனப்போ வந்த பணத்துல வாங்கின வண்டி. மக கல்யாணம் வருதாம். "புதுசு மாதிரி ஆக்கிக் குடுப்பா"ன்னார். அண்ணன் நல்லா கழுவின வெள்ளை பேட் ஒண்ணைக் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். கதவுல ஓரமா ஒரு சின்ன இடத்துல ஓட்டிப் பார்த்தார். பேட்ல கலரே வரல. பானெட்ல ஓட்டினார். ரெண்டே செகண்டு, நிறுத்தித் திருப்பிப் பார்த்தார். பேட்ல லேசா சிவப்பு!

சில பழைய பெயின்ட்ல கிளியர் கோட்டே இருக்காது, அதுல கலர் வர்றது சகஜம். ஆனா இந்த வண்டியில கதவுல வராத கலர் பானெட்ல வருதுன்னா, அங்கே கிளியர் கோட் வெயில்லயும் பழைய ரப்பிங்லயும் தேய்ஞ்சு போச்சுன்னு அர்த்தம். இன்னும் அழுத்தினா அடியில இருக்கிற பிரைமர் பல்லைக் காட்டும். அப்புறம் பானெட்டையே பெயின்ட் அடிக்கணும். கல்யாணச் செலவுல பெரியவருக்கு அதுவும் சேரும்.

அண்ணன் மெஷினை ஓரமா வச்சுட்டார். "சார், இதுக்கு மேல சீவக்கூடாது. கையால வாக்ஸ் போட்டுத் தர்றேன், அதுக்கு மட்டும் காசு குடுங்க"ன்னார். பெரியவர் முகம் கொஞ்சம் வாடுச்சு. ஆனா பானெட் பிழைச்சது. முழு பாலிஷ் காசு அண்ணன் கையை விட்டுப் போச்சு.

யோசிச்சுப் பாருங்க. அந்த பேட் ஏற்கெனவே அழுக்கா, நேத்து பாலிஷோட இருந்திருந்தா? அந்தச் சிவப்பு யார் கண்ணுக்கும் தெரிஞ்சிருக்காது! சுத்தமான பேட் வெறும் கருவி இல்ல பாஸ், சாட்சி.

அதனால இப்ப கழுவுறதுக்கும் ஒரு முறை வச்சிருக்கேன். வேலை முடிஞ்ச உடனே, பாலிஷ் காயறதுக்குள்ள, வெதுவெதுப்பான தண்ணியில லேசான சோப்பு போட்டு உள்ளங்கையால அமுக்கணும். முறுக்கிப் பிழியக் கூடாது. காலி வாளிக்குள்ள வச்சு மெஷின்ல குறைஞ்ச வேகத்துல சுத்தினா தண்ணி உதறிடும். அப்புறம் வெல்க்ரோ மேல இருக்கிற மாதிரி கவிழ்த்து நிழல்ல காயவைக்கணும். அப்பத்தான் தண்ணி பசை பக்கம் தங்காது. மொட்டை மாடி மட்டும் வேண்டாம். மேடவாக்கம் புழுதி முழுக்க அதுலதான் குடியேறும். காய்ஞ்சதும் ஜிப் கவர்ல போட்டு மூடிடணும்.

உங்க அப்பாவோ மாமாவோ காரை பாலிஷுக்கு விடப் போறாங்களா? ரேட் கேட்கிறதுக்கு முன்னாடி, "அண்ணா, பேடைக் கொஞ்சம் காட்டுங்க"ன்னு கேளுங்க. சந்தோஷமா எடுத்துக் காட்டுறவர்கிட்ட சாவியைக் கொடுங்க. "அதெல்லாம் உனக்கு எதுக்குத் தம்பி?"ன்னா, அப்படியே ரிவர்ஸ் எடுத்துடுங்க!

வாளியில அஞ்சு பேட் ஊறுது... வரட்டா?