புது வீல் நடுவுல இருக்கா? திருப்பிப் போட்டுப் பாருங்க

1/ சைக்கிளுக்குப் புது வீல் போட்டாச்சு. தூக்கிச் சுத்திப் பாத்தா கோட்டமே இல்லை. அப்போ வீல் சரியா இருக்குன்னு அர்த்தமா? இல்லைங்க. கோட்டம் வேற, சென்டர் வேற.

2/ சுத்தும்போது ரிம் இடமும் வலமும் ஆடினா அது கோட்டம். ஆடாமலே மொத்த ரிம்மும் ஒரு பக்கமா தள்ளி உட்கார்ந்திருந்தா சென்டர் அவுட். கோட்டம் கண்ணுக்குத் தெரியும். இது பிபி மாதிரி, அளந்தாத்தான் தெரியும்.

3/ எதுக்கு நடுவுல இருக்கணும்? அச்சோட ரெண்டு முனையிலயும் ஃபோர்க்கோட உள்பக்கத்தைத் தொடுற நட்டு இருக்கே, அந்த ரெண்டுக்கும் நடுவுல. கியர் சைக்கிள் பின்வீல்ல வலது பக்கம் பல்சக்கரங்கள் இடத்தை எடுத்துக்கும். அதனால வலப்பக்க போக்ஸ் கம்பிகள் செங்குத்தா, கூடுதல் இறுக்கமா இருக்கும். அது கோளாறு இல்லை, அப்படித்தான் இருக்கணும்.

4/ முன்வீலை எடுத்துக்குவோம். சைக்கிள் தரையில நேரா நிக்கட்டும். அச்சு ஃபோர்க் பள்ளத்துல முழுசா உட்கார்ந்ததும் நட்டை இறுக்குங்க. வால்வு இருக்கிற இடத்தை ஃபோர்க் பக்கம் கொண்டுவந்து, ரிம்முக்கும் ஃபோர்க்குக்கும் உள்ள இடைவெளியை ரெண்டு பக்கமும் அளந்து எழுதிக்கோங்க. டயர்ல இருந்து அளக்காதீங்க, அது கோணலா உட்கார்ந்திருக்கலாம்.

5/ இப்போ வீலைக் கழற்றி, இடது வலதா திருப்பி மாட்டுங்க. அதே இடத்துல மறுபடி அளங்க. முதல்ல இடது 12 மி.மீ., வலது 8. திருப்பின பிறகு இடது 8, வலது 12. இடைவெளி பக்கம் மாறிடுச்சு, அப்போ குறை வீல்லதான். எவ்வளவு? வித்தியாசம் 4. அதுல பாதி, 2 மி.மீ. தள்ளியிருக்கு.

6/ திருப்பியும் அதே இடது 12, வலது 8 வந்தா? வீல் மேல தப்பே இல்லை. ஃபோர்க் வளைஞ்சிருக்கு, இல்லைன்னா அச்சு சரியா உட்காரலை. அந்த நேரத்துல வீலைப் பிரிச்சு கம்பிகளைத் திருகினா, நல்லா இருந்ததும் கெட்டுப்போகும்.

7/ நாங்களும் இதைத்தான் செய்வோம். பிபி நம்ப முடியாத அளவு காட்டினா, உடனே மாத்திரை எழுத மாட்டோம். அதே கருவியை இன்னொருத்தர் கையில போட்டுப் பாப்போம். நோய் ஆளுக்கா, கருவிக்கான்னு தெரியாம வைத்தியம் பண்ணக் கூடாது.

8/ பலர் செய்யறது வேற. பிரேக் கட்டையை நகர்த்தி வீலுக்கு ஏத்த மாதிரி வச்சுடுவாங்க, இல்லைன்னா அச்சைக் கோணலா வச்சு இறுக்கிடுவாங்க. காய்ச்சலுக்குக் காரணம் தேடாம பாராசிட்டமால் போடுற கதை. கட்டை ரிம்மை விட்டு டயர் பக்கச்சுவரை உரசினா, டயர் தேய்ஞ்சு ஓடும்போதே வெடிக்கலாம். முன்சக்கரம்னா விழும்போது கையை ஊன்றுவீங்க, மணிக்கட்டு உடையும்.

9/ 1 மி.மீ.க்குள்ள இருந்தா நிம்மதியா ஓட்டுங்க. அதுக்கு மேலன்னா எழுதின நாலு எண்ணையும் கடைக்காரர்கிட்ட காட்டுங்க. ஒரு பக்கக் கம்பிகளைக் கொஞ்சம் இறுக்கி, மறுபக்கம் தளர்த்தினா ரிம் நடுவுக்கு வந்துடும். சோதனை முடிஞ்சதும் வீலைப் பழைய பக்கமே மாட்ட மறக்காதீங்க. வீட்டுல பிள்ளைங்க சைக்கிள் இருந்தா, முதல்ல அதைப் பாருங்க.