தவளை கோத்த தூண்டில்

தூண்டில் மீன் என்றால் ஊட்டிப் பக்கம் டிரவுட்டைத்தான் சொல்வார்கள். அது அந்த ஊர் மீன் அல்ல. வெள்ளைக்காரர்கள் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து, 1907-இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்து, நீலகிரி ஓடைகளில் விட்டு வளர்த்தது. தண்ணீர் குளிர்ந்து ஓடாவிட்டால் அது பிழைக்காது. நம் கல்வராயன் மலையிலும் ஓடைகள் உண்டு, ஆனால் அந்தக் குளிர் கிடையாது. மலைத் தண்ணீர் கீழே இறங்கி கோமுகி அணையிலும் மணிமுக்தா அணையிலும் தேங்கி, வாய்க்கால் வழியே ஏரிகளுக்கு வருகிறது. அந்த ஏரிகளில் தூண்டில்காரனுடைய பொறுமையைச் சோதிக்கும் மீன் விரால். எங்கள் பேச்சில் விரா.

கெண்டைக்கு மண்புழு போதும். கெளுத்திக்கும் அதுவே போதும். விராலுக்குப் பெரும்பாலும் உயிரோடு துடிக்கிற இரை வேண்டும். சின்னத் தவளை அல்லது விரல் நீளக் கெண்டை. எனக்குத் தூண்டில் கற்றுக் கொடுத்தவர் என் தாய்மாமன். கெண்டையைக் கோத்தால் நடுமுள்ளில் படாமல் முதுகுத் தோலில் மட்டும் கோப்பார். தவளை என்றால் தொடைத் தோலில். இரை நீந்த வேண்டும், அதுதான் கணக்கு. கண்ட இடத்தில் வீசவும் மாட்டார். விராலுக்குச் செவுள் மட்டும் போதாது, அவ்வப்போது மேலே வந்து காற்றைக் குடித்துவிட்டுப் போகும். அப்போது ‘ளொப்’ என்று ஒரு சத்தம் கேட்கும். அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, அல்லியும் கோரையும் விட்ட இடைவெளியில் இரையை மெல்ல இறக்குவார். தக்கை முங்கியதும் இழுத்தால் மீன் தப்பிவிடும். அது இரையைக் கவ்விக்கொண்டு கொஞ்ச தூரம் ஓடி, நின்று, அப்புறம்தான் விழுங்கும். அதுவரை கையை அடக்கி வைத்திருக்க வேண்டும்.

ஒரு மழைக்காலம். என் அக்கா பிரசவத்துக்கு வந்து, பிள்ளை பெற்று, உடம்பு தேறாமல் படுத்திருந்தாள். விரால் குழம்பு வைத்துக் கொடுத்தால் தெம்பு வரும் என்று அம்மா மாமாவை அனுப்பினார். நானும் கூடப் போனேன். ஏரிக்கரைப் படிக்கட்டுக்குப் பத்தடி தூரத்தில் தண்ணீர் மேலே செக்கச்செவேல் என்று ஒரு வட்டம், குங்குமத்தைக் கரைத்து விட்டாற்போல. விரால் குஞ்சுகள், நூற்றுக்கணக்கில். அடியில் இரண்டு பெரிய விரால் சுற்றிக்கொண்டிருந்தன. தூண்டிலைப் போட்டால் அடுத்த நிமிஷம் மீன் கையில். மாமா பார்த்தார். கழியைத் தோளில் போட்டுக்கொண்டு எதிர்க்கரைக்கு நடந்துவிட்டார். இருட்டும்வரை உட்கார்ந்தும் கிடைத்தது இரண்டு கெளுத்திதான்.

அம்மாவுக்குக் கோபம். “கண்ணெதிரே கிடந்த மீனை விட்டுட்டு வந்தியாடா? வீட்ல ஒருத்தி கிடக்கிறாளே!” என்றார்.

“அது பிள்ளை காக்குற மீனுக்கா. நம்ம வீட்லயும் ஒரு பிள்ளைத்தாச்சிதானே கிடக்குறா” என்றார் மாமா. அம்மா அதற்குமேல் பேசவில்லை. மூன்றாம் நாள் விடியற்காலையில் போய் வேறு ஏரியிலிருந்து ஒரு விரால் கொண்டுவந்தார்.

அதன் பொருள் எனக்கு வெகுநாள் கழித்துத்தான் முழுதாக விளங்கியது. விரால் பாசிக்கு நடுவே முட்டையிடும். ஒன்றிரண்டு நாளில் குஞ்சு பொரியும். அதன் பிறகு பல நாள் பெற்றவை கூடவே இருந்து காக்கும். அந்தச் சமயத்தில் எது கிட்டே வந்தாலும் பாய்ந்து கடிக்கும், பசிக்காக அல்ல, விரட்டுவதற்காக. அதைத்தான் நாம் இரை எடுத்துவிட்டது என்று நினைக்கிறோம். அந்த மீனைத் தூக்கிவிட்டால் கெளுத்தியும் கொக்கும் பாம்பும் இரண்டொரு நாளில் குஞ்சுகளைத் தீர்த்துவிடும். ஒரு குழம்புக்கு ஒரு தலைமுறை போய்விடும்.

இப்போது பிள்ளைகள் ரப்பர் தவளை வைத்துச் சுழல் தூண்டிலில் பிடிக்கிறார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. உயிருள்ள தவளையைக் கோப்பது பாவம் என்று மாமாவே சொல்வதுண்டு. வயலில் பூச்சி தின்னும் தவளைகள் குறைகின்றன என்று 1987-இல் தவளைக்கால் ஏற்றுமதியையே அரசு தடை செய்தது. ஜெர்மனியில் உயிருள்ள மீனைத் தூண்டிலில் இரையாகக் கோப்பது பொதுவாகச் சட்டப்படி குற்றம். ரப்பரால் ஒரு தவளை பிழைத்தால் நல்லதுதான்.

ஆனால் குஞ்சு காக்கும் விரால் அந்த ரப்பரையும் கடிக்கும். செல்போனில் வரும் மீன்பிடிப் படங்கள் சிலவற்றில் சிவப்புக் குஞ்சு வட்டத்தைத் தேடிப் போய், அதன் நடுவிலேயே வீசுகிறார்கள். மீன் சுலபமாக மாட்டுகிறது. பார்க்கிறவர்கள் கைதட்டுகிறார்கள்.

உங்கள் பேரப்பிள்ளைகள் யாராவது தூண்டிலோடு ஏரிக்குக் கிளம்பினால் இதை மட்டும் சொல்லி அனுப்புங்கள். மழைக்காலத்தில் தண்ணீர் மேலே சிவப்பாக எதுவும் மிதக்கிறதா என்று முதலில் பார்க்கட்டும். மிதந்தால் எதிர்க்கரைக்குப் போகட்டும்.