இரண்டு கால்வாய்களுக்கு நடுவே ஒரு சைக்கிள் பாதை

பாறசாலையிலிருந்து குளத்தூர் வழியாகக் கடல் வரை போனால் ஏற்றம் அதிகமில்லை. ஆனால் எல்லைக் கோடு மட்டும் சக்கரத்தின் குறுக்கே வந்துகொண்டே இருக்கிறது.

பாறசாலை ரயில்வே ஸ்டேஷனில் காலை ஆறு மணிக்கு இறங்கினால் முதலில் கிடைப்பது கட்டன் சாயா. நாகர்கோவில் போகும் ரயிலுக்குக் கேரளத்தின் கடைசி ஸ்டேஷன் இதுதான். திருவனந்தபுரம்-கன்னியாகுமரி ரயில் பாதை போடப்பட்ட 1979 வரை இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு ரோடு மட்டுமே கதி. அந்த நெடுஞ்சாலையில் (இன்று என்.எச். 66) சைக்கிள் விடுவது உயிரோடு விளையாடுவது மாதிரி. அதனால் ஸ்டேஷனை விட்டதும் தென்மேற்கே திரும்பிவிடுவது நல்லது.

மவுண்டன் பைக் என்றதும் மலையைத் தேட வேண்டாம். 1970-களில் கலிஃபோர்னியாவின் மாரின் கவுண்டியில் சில இளைஞர்கள் பழைய பலூன் டயர் சைக்கிள்களை மலை உச்சிக்குத் தள்ளிக்கொண்டு போய், மண் பாதையில் உருட்டிவிட்டு இறங்கினார்கள். அதில் பிறந்ததுதான் இந்த வண்டி. ஆனால் அதன் தடித்த டயருக்கும் பல கியர்களுக்கும் உண்மையான உபயோகம் சமவெளியின் செம்மண்ணிலும் மணலிலும்தான் என்பது நெய்யாற்றின்கரை தாலுகாவின் தென் முனையில் ஒரு நாள் சுற்றினால் தெரிந்துவிடும். நம் ஊர்க் கடைகளில் எம்.டி.பி. என்று விற்கிற கியர் இல்லாத வண்டியே பாதி தூரத்துக்குப் போதும். மீதிப் பாதிக்குத்தான் கியர்.

குளத்தூர் வரையிலான பாதை எளிது. மரச்சீனியும் ஏத்தன் வாழையும் மாறி மாறி வருகின்றன. ஒரு காலத்தில் நெல் விளைந்த பள்ளங்களில் இப்போது வாழைக்கு மண் கூட்டியிருக்கிறார்கள். ரோடு மெல்ல இறங்கும், மெல்ல ஏறும், முழங்காலுக்கு வேலையில்லை. கருங்கல் மதிலுக்குள்ளிருந்து வருகிற பேச்சு மலையாளமா தமிழா என்று தீர்மானிப்பதற்குள் வீடு கடந்துவிடுகிறது. வழி கேட்டபோது ஒரு பெரியவர் 'மக்களே' என்று தொடங்கி மலையாளத்தில் முடித்தார். வழி மட்டும் சரியாக இருந்தது.

இந்தப் பேச்சுக் கலப்புக்குப் பின்னால் ஒரு சண்டை இருக்கிறது. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ், மார்ஷல் நேசமணி தலைமையில், தமிழ்ப் பகுதிகளைப் பிரித்துத் தரச் சொல்லிப் போராடியபோது நெய்யாற்றின்கரையும் அந்தக் கோரிக்கையில் இருந்தது. 1954 ஆகஸ்டில் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தது. 1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் அன்றைய சென்னை மாநிலத்துக்குப் போயின. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கோடு தோப்புகளுக்கு நடுவே விழுந்தது. இந்தப் பக்கத்துத் தென்னையில் கள் இறக்கலாம். கூப்பிடு தூரத்தில், அந்தப் பக்கத்துத் தென்னையில் இறக்கினால் கேஸ். தென்னைக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை.

சைக்கிள்காரனுக்கு இங்கே சமதளம் இரண்டு வகையில் கிடைக்கிறது. இரண்டும் கால்வாய்க் கரைகள். கால்வாய் வெட்டுகிற என்ஜினீயர் தண்ணீர் தானாக நகர்கிற அளவுக்கு மட்டுமே சரிவு வைப்பார். கண்ணுக்குத் தெரியாத சரிவு. மேட்டைச் சுற்றிப் போவார், ஏற மாட்டார். அதனால் அவர் விட்டுப்போன கரை, சைக்கிளுக்கென்றே போட்ட பாதை போல அமைந்துவிடுகிறது.

முதலாவது, நெய்யாறு இடதுகரைக் கால்வாய். அணைத் திட்டம் திருவிதாங்கூர்-கொச்சி அரசு காலத்தில் தொடங்கியது. அப்போது விளவங்கோடும் அதே அரசின் கீழ்தான். எனவே கால்வாய் பாறசாலைப் பக்கம் வந்து அங்கேயே நிற்காமல் விளவங்கோடு வரை திட்டமிடப்பட்டது. மாநிலம் பிரிந்த பிறகும் பல ஆண்டுகள் தண்ணீர் போனது. விளவங்கோட்டில் 9,200 ஏக்கர் இதை நம்பியிருந்தது என்பது தமிழகத்தின் கணக்கு. 2004-ல் கேரளம் தண்ணீரை நிறுத்தியது. நெய்யாறு கேரளத்துக்குள்ளேயே ஓடும் நதி, மாநிலங்களுக்கு இடையிலான நதி அல்ல என்பது அதன் வாதம். 2012-ல் தமிழகம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

வழக்குக் கட்டில் இது வெறும் எண். கரையில் சைக்கிள் விட்டால் கண்ணெதிரே தெரிகிறது. கேரளப் பக்கத்தில் புல்லும் ஈரமுமாகப் போகிற கரை, எல்லையைத் தாண்டினால் புதர். கரையில் முள் ஏறி, என் பின் டயர் அங்கேதான் காற்றை விட்டது. பஞ்சர் ஒட்டிக்கொண்டே, தண்ணீர் பார்க்காத கால்வாய் எப்படி இருக்கும் என்பதை அரை மணி நேரம் பார்க்கக் கிடைத்தது. மாற்று டியூப் ஒன்று கட்டாயம் கொண்டுபோங்கள்.

இரண்டாவது கால்வாயைப் பார்க்கக் கடலுக்குப் போக வேண்டும். குளத்தூரிலிருந்து உச்சக்கடை வழியாகப் பொழியூர். மண் வெளுத்துக்கொண்டே வந்து மணலாகிவிடுகிறது. பொழி என்றால் இந்தப் பக்கத்தில் ஆறு கடலைச் சந்திக்கிற வாய். சற்று வடக்கே பூவாறில் நெய்யாற்றின் பொழி இருக்கிறது. மழைக்காலத்தில் உடையும், பிறகு மணல் மூடும். அங்கிருந்து தெற்கே, கடலுக்கு இணையாகப் போவதுதான் ஏ.வி.எம். கால்வாய்: அனந்தன், விக்டோரியா, மார்த்தாண்டன். ஒரு கடவுள், ஒரு மகாராணி, ஒரு மகாராஜா. உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா காலத்தில், 1860-ல் தொடங்கிய வேலை. அதே ஆண்டு மன்னர் காலமானார். கன்னியாகுமரி வரை படகு போக வேண்டும் என்பது திட்டம். அவ்வளவு தூரம் அது போகவே இல்லை.

இப்போது பல இடங்களில் கால்வாய் எங்கே என்று கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆகாயத்தாமரை, குப்பை, கரையை நெருக்கும் வீடுகள். இதற்கிடையில் 2016-ல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தில் இந்தக் கால்வாய்க்கு ஒரு பட்டம் கிடைத்தது. பூவாறு கடற்கரையிலிருந்து இரையுமன்துறை வரை 11 கிலோமீட்டர், தேசிய நீர்வழி எண் 13. தேசிய நீர்வழியில் ஆடு மேய்வதை நான் பார்த்தேன்.

பொழியூரைத் தாண்டியதும் நீரோடி, தமிழ்நாடு. இங்கிருந்து பாதை நடுத்தர வகை. ஏற்றத்தால் அல்ல, மணலால். டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டால் மணலில் புதையாது. அலை வந்துபோன ஈர மணலில் மட்டும் ஓட்டினால் தார் ரோடு மாதிரி போகும். உலர்ந்த மணலில் ஏறினேன், விழுந்தேன். வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள், பிறகு எழுந்து வந்து தள்ளிவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் செயினை நல்ல தண்ணீரில் கழுவி எண்ணெய் போடாவிட்டால் உப்பு தின்றுவிடும்.

நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரையுமன்துறை. எட்டு ஊர்கள், ஒன்றின் வாசலில் அடுத்தது. ஆழ்கடலில் சுறா பிடிப்பதில் நாடெங்கும் பெயர் பெற்றவர்கள். ஆண்கள் பலர் வாரக்கணக்கில் கடலில் இருப்பார்கள். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோதும் அப்படித்தான் இருந்தார்கள். குமரி மாவட்டத்தில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட மீனவர்கள் திரும்பவில்லை. இந்தத் தெருக்களில் மணி அடித்துக்கொண்டு உல்லாசமாகப் போக மனம் வரவில்லை. இறங்கி உருட்டிக்கொண்டு நடந்தேன்.

இந்தப் பாதை இப்படியே இருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. பொழியூருக்கும் நீரோடிக்கும் நடுவே கடலோர ரோட்டைக் கடல் அறுத்திருக்கிறது; வீடுகளும் போயிருக்கின்றன. தமிழகப் பக்கத்தில் போட்ட தூண்டில் வளைவுகளால்தான் தங்கள் மணல் போகிறது என்பது பொழியூர்க்காரர்களின் புகார். தண்ணீர் விஷயத்தில் அந்தப் பக்கத்தார் இந்தப் பக்கத்தைச் சொல்கிறார்கள். மணல் விஷயத்தில் இந்தப் பக்கத்தார் அந்தப் பக்கத்தை. ரோடு அறுந்த இடத்தில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு கல் மேல் நடக்க வேண்டியிருக்கும். கடல் கொந்தளிக்கிற நாளில் அதை முயல வேண்டாம். உள்ளே கொல்லங்கோடு வழியாகச் சுற்றிப் போகலாம்.

இரண்டு பருவமழையும் பெய்கிற இடம் இது. ஜூன், ஜூலையையும் அக்டோபர், நவம்பரையும் தவிர்த்தால் டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை காலை வேளைகள் அருமையாக இருக்கும். சுற்று முழுவதும் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். பழகியவருக்கு அரை நாள், பேச்சில் நிற்பவருக்கு முழு நாள்.

இரையுமன்துறையில் குழித்துறையாறு கடலில் சேர்கிறது. எதிர்க்கரையில் தேங்காய்ப்பட்டணம். அங்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு நித்திரவிளைக்கு ஏறி, கொல்லங்கோட்டைத் தொட்டு, ஊரம்பு வழியாகத் திரும்பினேன். அன்று உண்மையில் மூச்சு வாங்கிய ஏற்றம் அது ஒன்றுதான். ஊரம்பு ஜங்ஷனில் ஒரு கடையில் ரசவடை தின்றேன். கடை எந்த மாநிலம் என்று கேட்டதற்குக் கடைக்காரர் கையை அகல விரித்துக் காட்டினார். பாறசாலை ஸ்டேஷனுக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான் இருந்தது. ரயிலுக்கு நேரமும் இருந்தது. இன்னொரு வடை சொன்னேன்.