கார் இல்லாத மாப்பிள்ளை

சின்னவன் கடனில் கார் வாங்கக் கேட்டுக்கொண்டிருந்த நேரம். மகளைப் பார்க்கச் சிங்கப்பூர் போயிருந்தேன். மாப்பிள்ளையிடம் கார் இல்லை. தோட்டத்தில் வளர்ந்த எனக்கு அது ஒரு குறையாகவே பட்டது.

மறுநாள் லிட்டில் இந்தியாவுக்கு எம்ஆர்டி ரயிலில் அழைத்துப் போனார்.

"1975இலேயே காலையில் நகருக்குள் நுழையும் காருக்கு 3 வெள்ளி கட்டணம் வைத்தார்கள், மாமா. நான்கு பேராக வந்தால் கட்டணமில்லை. 1987இல் இந்த ரயிலும் வந்துவிட்டது. பிறகு கார் எதற்கு?"

"ரயில் மட்டும் தண்ணீரிலா ஓடுகிறது?" என்றேன்.

சிரித்தார். "மின்சாரத்தில்தான். அதுவும் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவை எரித்து எடுப்பதுதான். ஆனால் ஒரே ரயிலில் ஆயிரம் பேர் போகலாமே, மாமா!"

நியாயம்தான். ஆனால் எங்கள் செம்மண் சாலைக்கு ரயில் வராது. முன்பு வந்த பஸ்ஸும் நின்றுவிட்டது. இரவில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் என்ன செய்வது?

ஊர் திரும்பியதும், "காரை வாங்கு. ஆனால் கோலாலம்பூர் வரை ஓட்டாதே" என்றேன். இப்போது சின்னவனும் லயத்துப் பிள்ளைகள் மூவரும் தஞ்சோங் மாலிம் ஸ்டேஷன் வரை ஒரே காரில் போய், அங்கிருந்து மின்சார ரயில் ஏறுகிறார்கள். பெட்ரோல் காசு நான்கு பங்கு. கடன் சுமையும் அவ்வளவாகத் தெரியவில்லை.